பிழை எண் நாற்பத்து மூன்று

இரவு பதினொன்று பத்துக்கு
'இப்போதே புதுப்பி' என்பதை அமத்தினேன்.
ஒருத்தரும் கேட்கவில்லை, என் வினைதான்.
மெல்பேர்னில் யாருக்கோ ஒரு குசினி
காலை நாலரைக்குள் போய்ச் சேரவேண்டும்:
பளிங்கு மேசை, மூன்று தொங்குவிளக்கு,
கிழக்கு யன்னலால் நுழைந்து
எலுமிச்சைக் கிண்ணத்தில் விழும் வெயில்.
வெயிலுக்கு மட்டும் நாலு நாள் போனது.

திரை ஒருக்கா இமைத்தது.
பிறகு கறுப்பு.
கரண்ட் போன கறுப்பு என்றால் பழக்கம்,
மெழுகுதிரி எங்கே என்று கைக்குத் தெரியும்.
இது வேறு.
விசிறி சுத்துது, பச்சை லைற் எரியுது,
உள்ளே எல்லாம் நடக்குது,
எனக்குத்தான் காட்டுதில்லை.

அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு
பாதுகாப்பு நிலையில் ஒருமாதிரி உள்ளே போனேன்.
எழுத்தெல்லாம் வீங்கி,
குப்பைக்கூடை உள்ளங்கை அகலத்தில்.
அங்கே ஒரு மஞ்சள் முக்கோணம்,
பிழை எண் நாற்பத்து மூன்று:
தன்னில் கோளாறு எனத் தானே அறிவித்ததால்
இச்சாதனம் நிறுத்தப்பட்டுள்ளது.
இவ்வளவு நேர்மையாய்
இந்த ஊரில் ஒருத்தரும் வேலை இழந்ததில்லை.

இம்தாத்துக்கு அடித்தேன்.
பம்பலப்பிட்டியில் இந்தக் கார்டை
'ஒரு டொக்டர்ட மகன் பாவிச்சது அக்கா,
அடிபடாத சாமான்' என்று தலையில் கட்டியவன்.
நித்திரைக்குள் இருந்தே சொன்னான்:
"டிரைவரத் தூக்குங்க.
அடியோட. ஒரு துண்டும் மிஞ்சப்படாது.
பிறகு பழைய டிரைவரப் போடுங்க."

தூக்கினேன். போட்டேன்.
நவம்பர் மாதத்துடையது. கறுப்பு.
அதற்கு முந்தினது, ஓகஸ்ட். கறுப்பு.
"எத்தினை டிரைவரைத்தான் தூக்கிறது!"
கடல் இரைச்சலுக்கு மேலால்
கொஞ்சம் கத்தித்தான் விட்டேன்.
"அந்தப் பழையவரும் சரியில்லை இம்தாத்,
காலமை ஆளை மாத்திவிடப்போறன்!"
மறுமுனையில் குறட்டை.

இரண்டரைக்குப் பெட்டியைக் கழற்றினேன்.
டோர்ச்சை வாயில் கடித்தபடி
கார்டை மெல்ல இழுத்தெடுத்தால்,
பொன்நிறப் பற்களில்
பச்சையாய் ஒரு பாசிப்பூச்சு.
மரைன் டிரைவில் இருந்து நாலாவது வீடு.
கதவுப் பிணைச்சல், யன்னல் கம்பி,
போன வருஷம் வாங்கின இடியப்ப உரல்
எல்லாவற்றிலும் முதலில் கடல் கையெழுத்து வைக்கும்.
இதற்குள்ளும் வந்திருக்கிறது,
என்னைக் கேளாமல்.

கவினியின் பென்சில் பெட்டிக்குள்
ஸ்ட்ரோபெரி மணக்கிற அழிறப்பர்.
பிழைக்கணக்கு அழிக்கிற பிள்ளைபோல்
நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன்.
முன்பக்கம். பின்பக்கம். ஊதி, இன்னும் ஒருக்கா.
திரும்பச் செருகினேன். டக்.

பளிங்கு வந்தது.
தொங்குவிளக்கு மூன்றும் வந்தன.
நாலு பத்துக்கு, எங்கள் யன்னல் இருட்டிக் கிடக்க,
எலுமிச்சைகளில் வெயில்.
அனுப்பிவிட்டுக் கதிரையிலேயே கண்ணயர்ந்தேன்.

ஆறரைக்குக் கேற்றடியில்
கீழ்வீட்டுச் சவிரிமுத்து அங்கிள்,
பால் பக்கற்றோடு, குரலைத் தாழ்த்தி:
"பிள்ளை, சுமித் என்ன பிழை விட்டவன்?
இரவு முழுக்க டிரைவரைத் தூக்கோணும் எண்டு கேட்டுது.
பாவமடா, ஓட்டோவுக்கு லீசிங் கட்டிறவன்,
கவினியை ஒருநாளும் பிந்தி இறக்கினதில்லை."

சிரிக்கவும் தெம்பில்லை.
"டிரைவரில ஒரு பிழையும் இல்லை அங்கிள்.
உப்புத்தான் பிரச்சினை."
"உப்போ?" யோசித்தார்.
"இந்த வயசிலேயே பிரஷரா அவனுக்கு?"

ஒழுங்கை முனையில் சுமித்தின் ஹோர்ன்.
உள்ளேயிருந்து கவினி:
"அம்மா, என்ர அழிறப்பர் ஏன் பச்சை?"